டெலோஸ் தீவின் பாழ்நகரம்: காவிரிக் கரையிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கிரேக்க நாட்டின் மிக்கோனோஸ் தீவிலிருந்து படகில் அரை மணி நேரம். நீளம் 5 கிலோமீட்டர், அகலம் ஒன்றேகால் கிலோமீட்டர் சொச்சம். டெலோஸில் கடைத்தெரு கிடையாது, விடுதி கிடையாது, பயணிகள் இரவு தங்க அனுமதியும் கிடையாது. காவலர்களும் அகழாய்வுக்காரர்களும் மட்டும் இருக்கிறார்கள். அப்பல்லோ, ஆர்ட்டெமிஸ் என்ற தெய்வங்கள் பிறந்த மண் என்று கிரேக்கர்கள் கும்பிட்ட தீவு இது. கி.மு. 166 வாக்கில் ரோமானியர்கள் இதைச் சுங்கமில்லாத் துறைமுகமாக்கி ஏதென்ஸின் கையில் கொடுத்ததும் இத்தாலியர், சிரியர், ஃபினீசியர், எகிப்தியர், யூதர் எல்லாரும் வந்து வீடு கட்டிக் குடியேறினார்கள். கி.மு. 88-இல் போன்டஸ் அரசன் மித்ரிதாத்தேஸின் படை சூறையாடியது. மிச்சம் இருந்ததை கி.மு. 69-இல் கடற்கொள்ளையர் முடித்துவைத்தார்கள். அதன்பின் பெரிய நகரம் எதுவும் இங்கே எழவில்லை. அதனால்தான் தெரு, வாசற்படி, சாக்கடை வரை இன்றும் பார்க்கக் கிடைக்கிறது.

போய்வந்தவர்களில் பலர் ‘வெறும் கல்லுதான் கிடக்கு’ என்று சலித்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. கோயில்களைத் தேடிப் போகிறார்கள். அப்பல்லோவுக்கு அருகருகே மூன்று கோயில்கள் இருந்தன. மூன்றிலும் அடித்தளம்தான் மிச்சம். மேலே இருந்த பளிங்கைப் பல நூற்றாண்டுகளாகப் பக்கத்துத் தீவுக்காரர்கள் வீடு கட்ட ஏற்றிப்போனார்கள், சுண்ணாம்புக்குச் சுட்டார்கள். டெலோஸில் உண்மையில் தப்பிப் பிழைத்தவை வீடுகளும், அந்த வீடுகளுக்குத் தண்ணீர் கொடுத்த ஏற்பாடுகளும். ஆறு இல்லாத பாறைத் தீவில் இத்தனை பேர் எதைக் குடித்தார்கள் என்ற ஒரே கேள்வியோடு இறங்குங்கள். மதகும் வாய்க்காலும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி கஷ்டமாக இருக்காது. ஊர் அதன்வழியே புரிந்துவிடும்.

எந்த மாதம்

மிக்கோனோஸிலிருந்து டெலோஸ் படகுகள் ஒழுங்காக ஓடுவது ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. குளிர்காலத்தில் போய் நின்றால் படகு கிடைப்பது அதிர்ஷ்டம். ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து ‘மெல்டெமி’ என்ற காற்று நாள்கணக்கில் வீசும். வானம் பளிச்சென்று இருக்கும், மழை இருக்காது, ஆனால் கடல் கொந்தளிக்கும். ‘வெயில் அடிக்குதே, படகு ஏன் ஓடவில்லை’ என்று ஆட்கள் குழம்புவது அந்த மாதங்களில்தான். கூட்டமும் வாடகையும் அப்போதுதான் உச்சம்.

நம் பக்கத்து விவசாயக் குடும்பங்களுக்குத் தோதான காலம் ஏப்ரல் கடைசியிலிருந்து மே முடிய. சம்பா, தாளடி அறுவடையும் உளுந்து, பயறும் முடிந்திருக்கும். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து குறுவை வேலை தொடங்குவதற்குள் திரும்பிவிடலாம். பிள்ளைகளுக்கும் விடுமுறை. அந்த நேரத்தில் தீவில் காட்டுப் பூக்கள் இருக்கும், வெயில் நமக்குப் பெரிதாகத் தெரியாது. காலையில் கடற்காற்று மட்டும் குளிரும்.

தேதி குறிக்கும்போது இரண்டு நாள்களைத் தவிருங்கள். மே 1 அன்று கிரேக்கத்தின் தொல்லியல் இடங்கள் எல்லாம் மூடல். அவர்களுடைய ஈஸ்டர் ஞாயிறும் மூடல். அது நம் காலண்டரில் போட்டிருக்கும் ஈஸ்டராகப் பெரும்பாலும் இருக்காது. 2027-இல் அது மே 2. ஆக அந்த ஆண்டு மே 1, 2 இரண்டு நாளும் அடுத்தடுத்துப் பூட்டு. ஈஸ்டர் வாரத்தில் ஏதென்ஸ்காரர்கள் தீவுகளிலுள்ள சொந்த ஊருக்குப் போவதால் கப்பல் இடமும் கிடைக்காது.

விசா

கிரேக்கத்துக்கு ஷெங்கன் விசா. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குள் இருந்தால் 45, அதற்கும் சிறியவர்களுக்கு இலவசம். விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு 15 நாள். மே மாதப் பயணத்துக்குப் பிப்ரவரியிலேயே போட்டுவிடுவது நல்லது, ஏனென்றால் ஏப்ரலில் நேரம் ஒதுக்கிக்கொடுப்பதே இழுக்கும். கைரேகை கொடுக்க நேரில் போக வேண்டும். பாஸ்போர்ட் பத்து ஆண்டுக்குள் கொடுக்கப்பட்டதாகவும், திரும்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதம் செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்களோடும் இருக்கவேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு.

டெல்டாவில் விண்ணப்பம் தடுக்கி விழுகிற இடம் வருமானச் சான்று. சம்பளச் சீட்டு இருக்காது. விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பதால் பலரிடம் வருமானவரிக் கணக்கும் இருக்காது. சிட்டா, அடங்கல் நகல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து நோட்டரி கையெழுத்தோடு வையுங்கள். கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் வங்கிக்கு வந்த வரிகளை அறிக்கையில் குறித்துக்காட்டி, அந்த வரவு எதனுடையது என்று ஒரு பக்க விளக்கக் கடிதம் எழுதுங்கள். விண்ணப்பிக்கும் வாரத்தில் யாரிடமாவது கைமாற்று வாங்கி மொத்தமாகக் கணக்கில் போடுவது வேலைக்கு ஆகாது. பணம் இருக்கிறதா என்பதோடு, அது எங்கிருந்து வந்தது என்பதையும் அதிகாரி பார்ப்பார். நிலம் இருப்பதும் வயதான பெற்றோர் ஊரில் இருப்பதும் நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பதற்கான ஆதாரம். கடிதத்தில் அதையும் சொல்லுங்கள்.

ஊரிலிருந்து தீவு வரை

திருச்சியிலிருந்து வளைகுடா நகரம் ஒன்றின் வழியாக ஏதென்ஸ் போய்விடலாம். சென்னைக்குப் போய்த்தான் ஏறவேண்டும் என்று இல்லை. இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வேறு வேறு நிறுவனங்களில் தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் நஷ்டம் உங்களுடையது. ஒரே பதிவெண்ணில் ஊர் முதல் ஏதென்ஸ் வரை எடுங்கள்.

ஏதென்ஸ் விமான நிலையத்துக்கு அருகிலுள்ள துறைமுகம் ராஃபினா, பஸ் உண்டு. பெரிய துறைமுகமான பிரேயஸுக்கு எக்ஸ் 96 பஸ் இரவும் பகலும் ஓடுகிறது. இரண்டிலிருந்தும் மிக்கோனோஸுக்குக் கப்பல் இருக்கிறது. பிரேயஸிலிருந்து பெரிய கப்பலில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். வேகக் கப்பலில் மூன்று மணி நேரத்துக்குள் போகலாம், விலை கூட, காற்றடித்தால் முதலில் ரத்தாவதும் அதுதான். வயதானவர்களோடு போனால் பெரிய கப்பலே மேல். ஆட்டம் குறைவு, எழுந்து நடக்கலாம்.

இணையத்தில் கப்பல் தேடும்போது ஒரு பொறி. கிரேக்கர்கள் டெலோஸைத் திலோஸ் என்பார்கள். ஏறக்குறைய அப்படியே ஒலிக்கிற இன்னொரு தீவு (Tilos) துருக்கிக் கரையோரம் ரோட்ஸ் பக்கத்தில் இருக்கிறது. பதிவுத் தளத்தில் அந்தப் பெயர் கண்ணில் பட்டதும் பணம் கட்டிவிடாதீர்கள். நீங்கள் எடுக்கவேண்டியது மிக்கோனோஸ் வரைதான். டெலோஸ் படகு அங்கே தனி.

மிக்கோனோஸில் பெரிய கப்பல்கள் வந்து நிற்பது டூர்லோஸ் என்ற புதிய துறைமுகத்தில். டெலோஸ் படகு கிளம்புவது ஊருக்குள் இருக்கும் பழைய துறைமுகத்தில். இடையில் சுமார் 2 கிலோமீட்டர். கப்பலை விட்டு இறங்கிய இடத்திலேயே டெலோஸ் படகுக்குக் காத்திருந்து முதல் படகை விடுகிறவர்கள் எப்போதும் உண்டு. முதல் நாள் இரவு மிக்கோனோஸ் ஊருக்குள் தங்குங்கள். வாடகை வலிக்கும், ஒரு ராத்திரிதானே. மற்ற இரவுகளைப் பக்கத்துத் தீவுகளான டினோஸிலோ நக்ஸோஸிலோ வைத்துக்கொண்டால் செலவு சமனாகும். டெலோஸுக்கு என்று ஒரு நாள் ஒதுக்கினால், காற்றுக்கு என்று இன்னொரு நாள் ஒதுக்குங்கள். டெலோஸ் பார்த்த மறுநாள் காலையே ஏதென்ஸில் விமானம் பிடிப்பதாகத் திட்டம் போடுவது வம்பை விலைக்கு வாங்குவது.

டிக்கெட் இரண்டு: படகுக்கு ஒன்று, தீவுக்குள் நுழைய ஒன்று. படகு டிக்கெட்டைக் காட்டி உள்ளே போய்விடலாம் என்று நினைக்கவேண்டாம். அட்டவணை மாதத்துக்கு மாதம் மாறும். திங்கட்கிழமை அட்டவணையைத் தனியாகப் பாருங்கள். படகில் ஏறும் முன் திரும்பும் படகுகளின் நேரத்தைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் ஒரு மத்தியானம் கீழையூரில்

இடிபாட்டைப் பார்ப்பதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். சீர்காழிப் பக்கம் போகும்போது பூம்புகாரை ஒட்டிய கீழையூரில் தொல்லியல் துறை 1960-களில் தோண்டியெடுத்த செங்கல் படகுத்துறை இருக்கிறது. பல்லவனேச்சரத்தில் புத்த விகாரையின் அடித்தளம் இருக்கிறது. ஐந்து நிமிஷத்தில் பார்த்துவிட்டு வந்துவிடுகிற இடங்கள்தான். அங்கே ஒரு மணி நேரம் நின்று, இந்தச் சுவர் எந்தப் பக்கம் தொடர்ந்திருக்கும், தண்ணீர் எதுவரை வந்திருக்கும், வாசல் எது என்று தரையை மட்டும் பார்த்துச் சொல்லிப்பாருங்கள். டெலோஸில் செய்யப்போவதும் இதையேதான்.

ஒரு எச்சரிக்கை. மருவூர்ப்பாக்கத்தில் யவனர் இருக்கை இருந்தது என்பதைக் கொண்டு, புகாருக்கு வந்தவர்கள் டெலோஸ்காரர்கள் என்று முடிச்சுப் போடாதீர்கள். பருவக்காற்றைப் பிடித்து நம் கரைக்குக் கப்பல்கள் பெருவாரியாக வந்தது டெலோஸ் படுத்துப்போன பிறகு. கிழக்குத் திசையின் சாட்சி வேண்டுமென்றால், தென் அரேபிய வணிகர்கள் ‘வத்’ என்ற தங்கள் தெய்வத்துக்கு டெலோஸில் எடுத்த பலிபீடக் கல் இருக்கிறது. அவர்கள் எழுத்திலும் கிரேக்கத்திலும் பொறித்தது. சாம்பிராணி விற்க அவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள்.

கையில் என்ன

ஆளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தண்ணீர். தீவில் கடை திறந்திருக்கும் என்று நம்பவேண்டாம். நிழல் அனேகமாக இல்லை. குடை விரித்தால் காற்று பிடுங்கிக்கொண்டு போகும். கழுத்தில் கட்டும் கயிறு வைத்த தொப்பி அல்லது தலையில் இறுக்கிச் சுற்றிய துண்டு நல்லது. செருப்பு கூடவே கூடாது. தெருக் கற்கள் பல நூற்றாண்டு நடையில் வழவழத்தவை, ஓரங்களில் முள்செடி. பிடிமானமுள்ள ஷூ போடுங்கள். புடவை கட்டிப் போகிற அம்மாமார் கிந்தோஸ் மலைப் படியில் காற்றோடு மல்லுக்கட்டவேண்டியிருக்கும். சுடிதார் வசதி.

படகு ஆடும். வாந்தி வருகிறவர்கள் அதற்கான மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி முன்னதாகப் போடவேண்டும், குமட்டல் வந்த பிறகு போட்டால் பயனில்லை. ரத்த அழுத்தம், கண் நீர் அழுத்தம் உள்ளவர்கள் ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். கீழ்த்தளத்தில், நடுவாட்டத்தில், பின்பக்கமாக உட்காருங்கள்.

சைவக்காரர்கள் காலையிலேயே மிக்கோனோஸ் அடுமனையில் கீரையும் சீஸும் வைத்த ஸ்பனகோபிட்டா வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளலாம். திராட்சை இலையில் சாதம் சுருட்டிய டோல்மாதேஸில் சில கடைகளில் கொத்துக்கறி இருக்கும். ‘ஹோரிஸ் க்ரேயாஸ்’ என்றால் கறி இல்லாமல் என்று புரிந்துகொள்வார்கள். தின்ற குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

இறங்கியபின்: கூட்டம் இடப்பக்கம், நீங்கள் வலப்பக்கம்

படகு நிற்கும் துறைமேடே அகழாய்வில் வாரிக் கொட்டிய மண்ணால் உண்டானது. அதைத் தாண்டினால் முதலில் வரும் திறந்த சதுக்கம் கொம்பெத்தாலியாஸ்ட்களின் சந்தை. இத்தாலிய வணிகர்களிடம் இருந்த அடிமைகளும் விடுதலை பெற்றவர்களும் நாற்சந்தித் தெய்வங்களுக்கு விழா எடுத்த இடம். தரைக் கற்களைக் குனிந்து பாருங்கள்: சிறு குழிகள் தெரியும். கடைகளுக்குப் பந்தல் போட்ட கால்கள் நின்ற குழிகள் அவை.

வழிகாட்டிகள் எல்லாரும் தங்கள் குழுவை இங்கிருந்து இடப்பக்கம் கோயில் பகுதிக்கு ஓட்டிப்போவார்கள். நீங்கள் வலப்பக்கம் திரும்பி, பழைய நாடக அரங்கை ஒட்டிய தியேட்டர் குடியிருப்புக்குள் நுழையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு அந்தச் சந்துகளில் கூட்டம் இருக்காது. மலை ஏறுவதும் வெயிலும் காற்றும் வலுக்கும் முன் முடிந்துவிடும்.

தெரு குறுகல், வளைந்து வளைந்து ஏறும். காலுக்குக் கீழே கற்பலகை, அதற்குக் கீழே சாக்கடை. பலகை பெயர்ந்த இடங்களில் உள்ளே எட்டிப்பார்க்கலாம். இருபக்கமும் வாசற்படிக் கற்களைக் கவனியுங்கள். முனைகளில் கதவுக் குடுமி சுழன்ற குழி இருக்கும், நடுவில் தாழ்ப்பாள் இறங்கிய துளை இருக்கும். படி அகலமாக, நேரே தெருவைப் பார்த்துத் திறந்த ஓர் அறை மட்டும் இருந்தால் கடை. படி குறுகி, உள்ளே ஒரு நடை போய்த் திரும்பினால் வீடு. இந்த ஒன்றைப் பழகிக்கொண்டாலே தெரு முழுக்கத் தானாகப் பிரிந்து தெரியும்.

வீட்டுக்குள் போனால் நடுவில் தூண் சூழ்ந்த வெளி. தஞ்சாவூர்ப் பக்கத்து முற்றம் வைத்த வீட்டில் இருந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: நாலாப்பக்கக் கூரைத் தண்ணீரும் உள்ளே விழும். நாம் அதைத் தூம்பு வழியாக வெளியே விட்டோம். அவர்கள் ஒரு சொட்டும் வெளியே விடவில்லை. முற்றத்துத் தரைக்கு அடியிலேயே தொட்டி வெட்டி, கசியாத சுண்ணாம்புப் பூச்சுப் பூசி, மேலே பலகைக் கல் அடுக்கி, அதற்கும் மேலே சிறு கற்துண்டுகளால் படம் போட்ட படக்கல் (மொசைக்) தரை பதித்தார்கள். டயனைசஸ் வீடு என்று பெயர் வைத்திருக்கும் வீட்டின் முற்றத்தில், சிறகு முளைத்த டயனைசஸ் புலிமேல் வருகிற படத்தைக் கயிற்றுக்கு வெளியே நின்று பாருங்கள். கற்துண்டுகள் அவ்வளவு பொடி. முகத்தில் நிழல் விழும் பக்கத்தைக்கூட நிறம் மாற்றிக் காட்டியிருக்கிறார்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது நிறம் நன்றாகத் தெரியும், உச்சிவெயிலில் வெளிறிவிடும். தண்ணீர் இறைத்த வாய் எங்கே என்றும் தேடுங்கள். இப்படிப்பட்ட வாய்க்கற்களில் கயிறு இழுத்து இழுத்து அறுத்த பள்ளங்கள் விழுந்திருக்கும்.

பக்கத்தில் கிளியோபாட்ரா வீடு. எகிப்து ராணியைத் தேடாதீர்கள். இவர் ஏதென்ஸிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பெண்மணி. கணவர் டயஸ்குரிதேஸ் அப்பல்லோ கோயிலுக்கு இரண்டு வெள்ளி முக்காலிகள் கொடுத்ததைக் கல்லில் பொறித்து, இருவர் சிலையையும் கி.மு. 138-137 வாக்கில் வீட்டிலேயே நிறுத்தினார். தலைகள் இல்லை. வாசலில் வருகிறவர் கண்ணில் படும்படி வைத்திருப்பதைக் கவனித்தால், உபயதாரர் பெயர் பொறிக்கும் ஆசை எங்கும் ஒன்றுதான் என்று தோன்றும். திரிசூல வீட்டில் நங்கூரத்தைச் சுற்றிய டால்பின் படம். யார் வீடு என்று எழுதியில்லை. கப்பல்காரர் வீடு என்று நினைக்கத் தடையும் இல்லை.

தெரு முடியும் இடத்தில் 5,500 பேர் அமரும் தியேட்டர். எல்லாரும் இருக்கைப் படிகளில் ஏறிப் படம் பிடித்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் மேடைக்குப் பின்னால் போங்கள். வரிசையாகக் கல் வளைவுகள் தாங்கி நிற்கும் பெரிய தொட்டி தெரியும். சாய்வான இருக்கைகளில் விழும் மழை முழுவதும் நடுத்தரைக்கு இறங்கி, அங்கிருந்து வாய்க்காலில் இந்தத் தொட்டிக்கு வந்தது. கூத்து நடந்தது வருஷத்தில் சில நாள். மழைக்காலத்தில் அதே கட்டிடம் தண்ணீர் பிடித்துக் கொடுத்தது. வளைவுகளின் மேலிருந்த கூரைப் பலகைகள் போய்விட்டதால் உள்ளமைப்பு முழுசாகத் தெரிகிறது. வசந்தத்தில் தண்ணீர் நிற்கும், தவளை கத்தும்.

மேலே முகமூடி வீடு, டால்பின் வீடு. பராமரிப்புக்காக மூடியிருக்கவும் கூடும், அதற்காக நேரம் கடத்தவேண்டாம். டால்பின் வீடு திறந்திருந்தால் நுழைவிடத் தரையில் ஃபினீசியரின் தானித் தெய்வக் குறி இருப்பதைப் பாருங்கள். உள்ளே படக்கல் பதித்தவர் அராதோஸ் ஊர்க்காரர் என்று கையெழுத்து இருக்கிறது. அது சிரியக் கரையோரத் தீவு.

இங்கிருந்து கிந்தோஸ் மலை. உயரம் 112 மீட்டர்தான், ஆனால் படிகள் பழையவை, உயரம் ஒரே சீராக இருக்காது. நிதானமாக ஏற அரை மணி. வழியில் பெரிய கருங்கல் பலகைகளைக் கூரைபோலச் சாய்த்து நிறுத்திய குகைக் கோயில் வரும். உச்சியில் சியூஸ், அதீனா கோயில்களின் அடையாளங்கள். சுற்றிலும் ரெனியா, மிக்கோனோஸ், டினோஸ், நக்ஸோஸ் தெரியும். தொப்பியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். காற்று தள்ளுகிற நாளில் சிறு பிள்ளைகளை உச்சிக்கு ஏற்றவேண்டாம்.

ரெனியாவைப் பார்த்து ஒரு விஷயம். கி.மு. 426-இல் ஏதென்ஸ்காரர்கள் டெலோஸுக்குத் தீட்டுக் கழித்தபோது இங்கிருந்த கல்லறைகளையெல்லாம் தோண்டி அந்தத் தீவுக்குக் கொண்டுபோனார்கள். அதன்பின் இந்த மண்ணில் பிறக்கவும் கூடாது, சாகவும் கூடாது. நிறைமாதக்காரிகளையும் மரணப் படுக்கையில் இருப்பவர்களையும் படகேற்றி அக்கரைக்கு அனுப்பினார்கள்.

இறங்கும்போது வேறு பாதையில் அந்நிய தெய்வங்களின் மேட்டுக்கு வாருங்கள். சிரிய அத்தார்காதிஸ், எகிப்திய செராப்பிஸ், ஐசிஸ். ஐசிஸ் கோயில் முகப்பு எடுத்து நிறுத்தப்பட்டிருக்கிறது. அதன் கீழேதான் இனோபோஸ் ஓடையின் நீர்த்தேக்கம். மழைக்கு மட்டும் ஓடும் ஓடை. ஆனாலும் நைல் நதியே கடலுக்கடியில் வந்து இங்கே எழுகிறது என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள்.

கீழ்ப்பகுதிக்கு வரும்போது முதல் கூட்டம் கலைந்திருக்கும். அருங்காட்சியகம் திறந்திருக்கிறதா என்று நுழைவிலேயே கேட்டுக்கொண்டிருந்தால் நேரம் மிச்சம். கழிவறையும் அந்தப் பக்கம்தான். இங்கே வரிசையாக உட்கார்ந்திருக்கும் கற்சிங்கங்கள் நக்ஸோஸ்காரர்கள் கி.மு. 7-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கொடுத்தவை. வெளியே நிற்பவை நகல். உப்புக்காற்றுக்குப் பயந்து அசல்களை அருங்காட்சியகத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஒன்று எப்போதோ வெனிஸுக்குப் போய் அங்கே கப்பல் தளத்து வாசலில் வேறு தலையோடு உட்கார்ந்திருக்கிறது. சிங்கங்கள் பார்க்கும் திசையில் வட்டமான தாழ்சுவர், நடுவே ஒற்றைப் பனைவகை மரம். புனிதக் குளம் அதுதான். மலேரியா பரவியதால் 1920-களின் நடுவில் குளத்தை வற்றவைத்து மண் போட்டார்கள். குளத்தைத் தூர்ப்பது நமக்குப் புதிதில்லை. இவர்கள் கரையை மட்டுமாவது காட்டிவைத்திருக்கிறார்கள்.

குளத்தை ஒட்டி இத்தாலியர் சந்தை, தீவிலேயே பெரிய கட்டிடம். டெலோஸில் ஒரே நாளில் பத்தாயிரம் அடிமைகளை வாங்கி விற்க முடியும் என்று பழங்கால நிலவியல் ஆசிரியர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். காலையில் பார்த்த படக்கல் தரைகளுக்கெல்லாம் காசு எங்கிருந்து வந்தது என்பதை இங்கே நின்று யோசிக்கலாம். படகுக்குத் திரும்பும் வழியில் நக்ஸோஸ்காரர்களின் அப்பல்லோ பெருஞ்சிலையின் உடைந்த மார்பும் இடுப்பும் கிடக்கின்றன. நிக்கியாஸ் என்ற ஏதென்ஸ் தளபதி வைத்த வெண்கலப் பனை சாய்ந்து இதைத் தள்ளிவிட்டது என்று பழங்கால வரலாற்றாசிரியர் புளூட்டார்க் சொல்கிறார்.

மொத்தச் சுற்றுக்கு நான்கு மணி நேரம் வேண்டும். மூன்றுதான் இருக்கிறது என்றால் மலையை விடுங்கள், தியேட்டர் தொட்டியை விடாதீர்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர்களைத் துறையிலிருந்து இடப்பக்கமாகச் சமதரையில் சிங்கங்கள் வரை அழைத்துப்போய் வந்தால் போதும். ஒருவர் அவர்களோடு இருக்க, மற்றவர்கள் வலப்பக்கம் போகலாம். சந்திக்கும் இடத்தைச் ‘சிங்கத்துக்கிட்ட’ என்று சொல்லாமல் ‘படகுத்துறையில், இத்தனை மணிக்கு’ என்று சொல்லிவைக்கவும். கடைசிப் படகுக்கு முந்திய படகையே உங்கள் படகாக எண்ணிக்கொள்ளுங்கள்.

தரையெங்கும் பானை ஓடு கிடக்கும். எடுக்கக் கூடாது. ‘ஒரு சின்னத் துண்டுதானே’ என்பது விமான நிலையத்தில் எடுபடாது. கிரேக்கச் சட்டப்படி அது குற்றம். சுவரில் உட்காருவதும், படக்கல் தரையில் கால் வைப்பதும், நிறம் தெரியட்டும் என்று அதன்மேல் பாட்டில் தண்ணீர் தெளிப்பதும் வேண்டாம். ட்ரோனுக்கு முன் அனுமதி வேண்டும்.

படகு ரத்தானால்

பெரிய கப்பல்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே டெலோஸின் சிறு படகுகள் நின்றுவிடும். காலையில் பயணச்சீட்டுக் கூண்டில் கேட்டால் மத்தியானப் படகாவது உண்டா என்று சொல்வார்கள். இல்லையென்றால் டிக்கெட்டை மறுநாளுக்கு மாற்றிக்கொண்டு, மிக்கோனோஸ் பழைய துறைமுகத்துக்கு மேலேயுள்ள தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு நடந்து போங்கள். கி.மு. 426-இல் டெலோஸ் கல்லறைகளிலிருந்து ரெனியாவுக்குக் கொண்டுபோய்ப் புதைத்த பானைகள் அங்கேதான் வந்து சேர்ந்திருக்கின்றன. டிராய் மரக்குதிரையைக் கழுத்தில் புடைப்பாகச் செய்த பெரிய தாழியும் அங்கே இருக்கிறது. குதிரையின் வயிற்றில் சன்னல் சன்னலாக வைத்து உள்ளிருக்கும் வீரர்களின் தலைகளைக் காட்டியிருப்பார்கள். மறுநாளும் காற்று ஓயவில்லை என்றால் ஏதென்ஸ் திரும்பி தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் டெலோஸ் சிலைகளைப் பாருங்கள். பெய்ரூட் வணிகர் சங்கக் கட்டிடத்தில் கிடைத்த, பான் தெய்வத்தை அடிக்கக் காதல் தெய்வம் அஃப்ரோடைட்டி செருப்பைக் கழற்றி ஓங்கும் சிலை அங்கே இருக்கிறது.